கணிப்பொறியின் குறிப்பேடும் சுரங்கத்தின் மணியும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற தமிழரின் வரலாற்றிலே கோலார் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் சென்று குடியேறின. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே அவ்வூருக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவ்வூரார் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவிலே வீடு திரும்பலாயினர். பாட்டனார் பாதாளத்தில் இறங்கிய குடும்பத்திலே பேரன் கணிப்பொறிகளைப் பேணும் பணிக்குச் செல்வது இன்று வியப்பன்று. அப்பணியின் ஒரு சிறு பகுதியைப் பற்றியே இப்போது பேசக் கருதுகிறோம்.

ஒரு பயிற்சிக்கூடத்தில் நாற்பது கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அவற்றைத் துடைத்துப் புதிதாக இயக்க முறைமையைப் பதிய வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து இதைச் செய்தால் நாட்கணக்கில் ஆகும். ஆகவே, வலைப்பின்னல் வழியாகவே பொறியைத் துவக்கும் முறை ஒன்றை வகுத்தனர். பி.எக்ஸ்.இ. எனப்படும் இம்முறையின் 2.1ஆம் பதிப்பை இண்டெல் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டது. மின்சாரம் பாய்ந்ததும் பொறி, ‘நான் யார், எங்கே செல்வது?’ என்று வலையில் குரல் கொடுக்கும். ஒரு சேவைப்பொறி அதற்கு முகவரி தரும். மற்றொன்று துவக்கக் கோப்பைத் தரும். அதன்பின் பதிவு வேலை தானே நடக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கான்பிகரேஷன் மானேஜர் போன்ற நிர்வாக மென்பொருள்கள் இதனை ஓரிடத்திலிருந்து ஆள்கின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கட்டாயப் பதிவென்று ஆணையிட்டால், மென்பொருள் அதனை ஒரு பொறிக்கு ஒருமுறை அளித்துவிட்டு, ‘அளித்தாயிற்று’ என்று குறித்துக்கொள்ளும். மறுமுறை அதே பொறி கேட்டால் மறுத்துவிடும். புதிதாகப் பணிக்கு வந்தோர் இதனைத் தொல்லை என்று எண்ணுவர். உண்மையில் அது காவல். வலையையே முதலில் நாடும்படி அமைத்த பொறி, அக்குறிப்பு இல்லாவிடில் ஒவ்வொரு துவக்கத்திலும் தன்னைத் தானே துடைத்துக்கொண்டிருக்கும், வேலை முடிவுறாது.

வேண்டுமென்றே மீண்டும் பதியும்போது அக்குறிப்பை நீக்க வேண்டும். திரையில் பொறியின் பெயரைத் தேடி, அதற்குரிய கட்டளையைத் தேர்ந்து ஒவ்வொன்றாக நீக்கலாம். நாற்பது பொறிக்கு நாற்பது முறை. வாரந்தோறும் இதே சலிப்பு. பவர்ஷெல் என்னும் கட்டளை மொழியில் சில வரிகள் எழுதி வைத்தால், பட்டியலிலுள்ள பொறிகள் அனைத்தின் குறிப்பையும் குறித்த நேரத்தில் அவ்வரிகளே நீக்கிவிடும். இது நற்பயனே. ஆனால், நீக்கப்படுவது காவல் என்பதை மறத்தலாகாது.

மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. ‘ரீசெட்’ என்பதற்கு ‘மீட்டமைத்தல்’ என்ற கலைச்சொல் வழங்குகிறது. கேட்பவருக்கு இழந்ததொன்று திரும்பக் கிடைப்பது போலத் தோன்றும். இவ்விடத்திலோ மீள்வது ஒன்றுமில்லை. முதலில் குறிப்பு அழிகிறது; அடுத்த துவக்கத்தில் வட்டிலுள்ளவை அழிகின்றன.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவிலே எமரி பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டு மே மாதம், இத்தகைய நிர்வாக மென்பொருள் வழியாக விண்டோஸ் 7 பதிவு ஆணை தவறுதலாக விண்டோஸ் பொறிகள் அனைத்திற்கும் சென்றது. மேசைப்பொறி, மடிப்பொறி, சேவைப்பொறி என்ற வேறுபாடின்றித் துடைக்கப்படலாயின. பிழையைக் கண்டு நிறுத்த முற்பட்டபோது, ஆணையிட்ட சேவைப்பொறியே துடைக்கப்பட்டிருந்தது.

தங்கவயலின் முதியோர் இதனை எளிதில் உணர்வர். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டு கம்பி வடத்தில் தொங்கும். மேலே இயந்திரத்தை ஓட்டுபவரின் கண்ணுக்குக் கூண்டு தெரியாது. மணியோசையே அவருக்குக் கட்டளை. இத்தனை ஓசைக்கு இன்ன பொருள் என்று வரையறை உண்டு. உரியவர் மணி அடித்தாலன்றிக் கூண்டு நகர்தல் கூடாது. வேலையை விரைவுபடுத்த எண்ணி, மணி தானே ஒலிக்கட்டும் என்று எவரும் விட்டதில்லை.

கட்டளை வரிகளை எழுதுவோரும் அவ்வொழுங்கைக் கைக்கொள்ள வேண்டும். துடைக்கத்தக்க பொறிகளுக்கென்று தனித் தொகுதி வகுத்து, அதற்கு வெளியே உள்ள எதனையும் வரிகள் தொடாதிருக்கச் செய்க. நாற்பதைத் தாண்டிய பட்டியல் வந்தால் செயலை நிறுத்துமாறு எழுதுக. முதலில் எதையும் நீக்காமல், எவை நீக்கப்படும் என்று மட்டும் காட்டச் செய்து பார்க்க. யார் கேட்டார், எப்பொறி, எந்நேரம் என்பவற்றைப் பதிந்து வைக்க. இரவுதோறும் கண்மூடித்தனமாக நீக்கும் வரிகளை ஒருபோதும் விட்டுச் செல்லற்க. காலையில் அப்பொறியைத் திறக்கும் மாணவனின் ஒரு மாத உழைப்பு அதனுள் இருக்கக்கூடும்.

வேலை தானே நடக்குமாயின் ஆளுக்கு வேலை இராதே என்று பெற்றோர் கவலுறுதல் இயல்பு. ஒரு தொழில் மூடிய துன்பத்தைக் கண்ட ஊருக்கு அக்கவலை மிகுதியாகவே இருக்கும். நாற்பது முறை பொத்தானை அழுத்தும் வேலை குறையத்தான் செய்யும். எப்பொறியைத் துடைக்கலாம், எதனைத் தொடலாகாது என்று ஆராய்ந்து, அதற்குப் பொறுப்பேற்பவரின் தேவை குறையாது. இரயிலில் செல்லும் நம் இளைஞர் கட்டளை வரிகளைக் கற்பதோடு அந்தப் பொறுப்பையும் சேர்த்துக் கற்பாராக.