பட்டனுக்கு ஒரு பேர் வேண்டாமா?

(‘இன்றைய கைப்பேசியும் செயற்கை அறிவும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கைகொடுக்கின்றனவா? கைவிடுகின்றனவா?’ என்ற தலைப்பில் திருப்பூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘கைவிடுகின்றன’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் என்ன பேச்சு பேசிவிட்டுப் போனார்! பார்வை இல்லாதவர் நடந்தால் ஃபோன் வழி சொல்லுதாம். ரூபாய் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய்னு சொல்லுதாம். சமையற்கட்டில் டப்பாவைக் காட்டினால் இது சீரகம், இது சோம்புன்னு பிரிச்சுச் சொல்லுதாம். எனக்கு ஆச்சரியமாப் போச்சுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது. இன்னைக்கு வரைக்கும் சீரகம் எது, சோம்பு எதுன்னு தெரியலை. (சிரிப்பு)

நடுவர்: அவருக்கும் ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்துடுங்கம்மா!

வாங்கிக் கொடுத்தாச்சுங்க அய்யா. அதையே பார்த்துக்கிட்டு இருக்கிறதாலதான் சீரகம் தெரியலை. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணி சொன்னது எதையும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நோட்டைச் சொல்கிற செயலியை நம்ம ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி முதல் தேதி வெளியிட்டது. பேரு ‘மணி’. இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேச ஆரம்பித்து, 2023இல் தமிழும் கற்றுக்கொண்டது. நல்ல காரியம். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு யார் நோட்டில் சம்பளம் கொடுக்கிறார்கள்?

எங்க பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. சின்ன வயசிலேயே பார்வை போய்விட்டது. அந்தக் காலத்தில் எஸ்.டி.டி. பூத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கினார்களே, ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு பூத் வைத்திருந்தார். அந்த ஃபோனில் 5 என்கிற பட்டன்மேல் சின்னதாக ஒரு புள்ளி, மேடாக இருக்கும். பார்வை உள்ளவர்கள் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டோம். அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு எங்க அண்ணன் பம்பாய்க்கும் டெல்லிக்கும் நம்பர் போட்டுக் கொடுத்தார். யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் 2007இல் ஐஃபோன் வந்தது. பட்டனை எல்லாம் பிடுங்கிப் போட்டு, முழுக்கக் கண்ணாடி. தடவிப் பார்த்தால் எங்கே தடவினாலும் ஒரே வழவழப்பு. புள்ளி போச்சு. கொஞ்ச வருஷத்தில் பூத்தும் போச்சு. அண்ணன் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருக்கிறார். பீஸை மடித்து டஜன் கட்டுவார். கணக்கு ஒரு நாளும் தப்பினதில்லை.

கண்ணாடிக்கு வாய் வந்தது 2009இல். ஐஃபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். விரலை வைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஃபோன் படித்துச் சொல்லும். இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் இதன் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்றால், செயலியை எழுதுகிற என்ஜினியர் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பேர் எழுதி வைத்திருக்க வேண்டும். ‘பணம் அனுப்பு’, ‘பேலன்ஸ் பார்’, ‘ரத்து செய்’ என்று. ஒரே ஒரு வரி. அவர் எழுதாமல் படம் மட்டும் போட்டுவிட்டுப் போனால், ஃபோன் என்ன சொல்லும் தெரியுமா? “பட்டன்.” பக்கத்தில் விரலை நகர்த்தினால்? “பட்டன்.” அதற்குக் கீழே? “பட்டன்.”

திருப்பூரில் நாம பார்க்காத பட்டனா அய்யா! (சிரிப்பு) ஆனால் நம்ம சட்டையில் எந்தப் பட்டனைத் தப்பாகப் போட்டாலும் சட்டைதான் கோணும். அங்கே தப்பாகத் தட்டினால் ஒரு வாரச் சம்பளம் போயிடும்.

இதுதான் எங்க அண்ணனுக்கு நடந்தது. ஒரு பணச் செயலி, பேரு வேண்டாம். ஆறு மாசம் ஒழுங்காப் பேசிக்கிட்டு இருந்தது. ஒரு நாள் புதுசா மாத்தினாங்க. நிறம் மாறுச்சு, அழகு கூடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணனுக்கு மூணு பட்டன் ஊமையாப் போச்சு. அப்புறம் என்ன செய்தார்? தெருமுனை மளிகைக் கடைப் பையனிடம் ஃபோனைக் கொடுத்து, காதோரமா ரகசிய எண்ணையும் சொல்லி, “கண்ணு, சம்பளம் ஏறிருச்சான்னு பாருப்பா” என்று கேட்டார். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தினமும் வங்கிக்காரர்கள் குறுஞ்செய்தி அனுப்புகிறார்களே, அந்தக் குறுஞ்செய்தியை மட்டும் அவருடைய ஃபோன் அழகாகப் படித்துக் காட்டுகிறது! (கைதட்டல்)

“செயற்கை அறிவிடம் திரையைக் காட்டிக் கேட்க வேண்டியதுதானே?” என்று எதிரணியில் ஒரு தம்பி கேட்டார். கேட்டோம் தம்பி. பணச் செயலிகள் பலவற்றில் திரையைப் படம் பிடிக்கவே முடியாது. திருட்டுக்குப் பயந்து பூட்டி வைத்திருக்கிறார்கள். சரி, இன்னொரு ஃபோனை வாங்கி, அதன் கேமரா வழியாக இந்த ஃபோனைக் காட்டலாம். ஒரு ஃபோனைப் பார்க்க இன்னொரு ஃபோன்! அதைப் பார்க்க மூணாவது ஒண்ணு! அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுதலாம் என்று போனால், புகாரின் கடைசியில், “நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய, படத்தில் உள்ள எழுத்துக்களைப் பார்த்து எழுதவும்.” அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “ஏனம்மிணி, நான் மனுசன்தானுங்கறதுக்கு உன்ற சாட்சி வேணுமாமே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடுவர் அவர்களே, எதிரணியினர் மூன்று பேரைப் பெருமையாகச் சொன்னார்கள். டி.வி. ராமன். புனேயில் 1965இல் பிறந்தவர், கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை முழுக்க இழந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, 1994இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். கணக்குச் சூத்திரங்களைக் கம்ப்யூட்டர் வாயால் படிக்க வைத்து, அதற்குத் தன் வழிகாட்டி நாயின் பேரையே வைத்தார், ‘ஆஸ்டர்’ என்று. 2005இல் கூகுளுக்குப் போனார். இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கின என்.வி.டி.ஏ. கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும், காசு கிடையாது. மூன்றாவது, மைக்ரோசாஃப்டில் சாகிப் ஷேக் முன்னின்று செய்த ‘சீயிங் ஏ.ஐ.’, 2017இல் வந்தது.

மூன்றும் உண்மை. ஆனால் இந்த மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதே, அதை ஏன் எதிரணி சொல்லாமல் விட்டது? மூன்று பேருமே பார்வை இல்லாதவர்கள்! கருவி தானாக வந்து கைகொடுக்கவில்லை அய்யா. தேவைப்பட்டவரே, செய்கிற இடத்தில் போய் உட்கார்ந்தார், செய்தார். அவர் உட்காராத அறையில் செய்த செயலி எல்லாம், “பட்டன், பட்டன், பட்டன்” என்கிறது. நீங்கள் கொண்டுவந்த மூன்று சாட்சியும் என் பக்கத்துச் சாட்சி! (பலத்த கைதட்டல்)

நடுவர்: எதிரணிச் சாட்சியை மடக்கிட்டீங்க. ஆனால் ஏ.ஐ.தான் வளருதே, அதுவே பேர் எழுதிடாதா?

நல்ல கேள்விங்க அய்யா. இப்போது என்ஜினியர்கள் பலர் நிரலையே ஏ.ஐ.யிடம் சொல்லி எழுத வைக்கிறார்கள். அது எங்கே படித்தது? ஏற்கனவே இணையத்தில் இருக்கிறதைப் பார்த்துப் படித்தது. அமெரிக்காவில் வெப்எய்ம் என்று ஒரு அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்பைச் சோதித்துப் பார்க்கிறது. 2025இல் 94.8 சதவீதம் தளங்களில் குறை. படத்துக்கு விளக்கம் இல்லை, கட்டத்துக்குப் பேர் இல்லை, எழுத்து மங்கல். இதைப் பாடப்புத்தகமாக வைத்துப் படித்த பையன் எப்படிப் பரீட்சை எழுதுவான்? தப்பான பாட்டர்னை வைத்துக்கொண்டு கட்டிங் மெஷினை மட்டும் புதுசாக வாங்கினால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற கட்டிங் மாஸ்டர்களைக் கேளுங்கள். முன்னே நூறு பீஸ் தப்பாகும். இப்போ அதே நேரத்தில் ஆயிரம் பீஸ் தப்பாகும். (சிரிப்பு)

பேர் இல்லாத பட்டனைப் பார்த்து ஏ.ஐ. யூகம் பண்ணும், அதுவும் சரிதான். சீரகத்துக்கு யூகம் போதும். தப்பினால் குழம்புதான் கெடும். சம்பளத்துக்கும் மாத்திரைக்கும் யூகம் போதுமா?

நான் இந்த ஊரில் 14 வருஷமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பையர் ஹாம்பர்க்கில் இருக்கிறார், டெய்லர் அவிநாசி ரோட்டில் இருக்கிறார். அவர் கேட்பதை இவருக்கும், இவர் படுகிற பாட்டை அவருக்கும் எடுத்துச் சொல்லி, ரெண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. (சிரிப்பு) கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்டிலும் இதே வேலை உண்டு. அங்கே அதற்கு ‘டெவலப்பர் ரிலேஷன்ஸ்’ என்று பேர். வெளியே செயலி எழுதுகிற லட்சக்கணக்கான என்ஜினியர்களிடம் போய், “இப்படி எழுதுங்க” என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர்கள் குறையைக் கேட்டு உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த மேடைகளில் இன்றைக்கு ஏ.ஐ.க்குத்தான் ராஜ மரியாதை. பட்டனுக்குப் பேர் எழுதுங்கள் என்கிற பாடம், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி. இருக்கும், ஆனால் இலை போடுகிறபோது கூட்டம் கலைந்திருக்கும்.

கேர் லேபிளைத் தைக்கும்போதே வைத்தால் எவ்வளவு நேரம்? கண்மூடித் திறக்கிற நேரம். அதை மறந்துவிட்டு, பேக்கிங் முடிந்து பெட்டி ஒட்டினதுக்கு அப்புறம் ஞாபகம் வந்தால்? பெட்டியைப் பிரி, பாலிபேக்கை உருவு, தையலைப் பிரி, லேபிளை வை, திரும்பத் தை, அயர்ன் பண்ணு, மடி, திரும்பப் பெட்டி கட்டு. கப்பல் போயிருக்கும்! செயலிக்கும் அதே கதைதான். முதலிலேயே எழுதினால் ஒரு வரி. அப்புறம் எழுதினால், “அடுத்த வெர்ஷனில் பார்ப்போம்.”

இன்னொன்றும் கேட்கிறேன். ஒரு டீ-ஷர்ட்டுக்கு நாம் ஃபிட் சாம்பிள் தைக்கிறோம். பையர் அதை ஒரு ஆளுக்குப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி, அக்குள் பிடிக்குதா என்று பார்த்துத்தான் ஓகே சொல்கிறார். இருநூறு ரூபாய் சட்டைக்கு இத்தனை பரீட்சை. என் அண்ணன் மாதிரி ஒருவரை உட்கார வைத்து, “அண்ணா, இதைத் தொட்டுப் பாருங்க, பிடிக்குதா” என்று எந்தச் செயலிக்காரராவது கேட்டாரா? ஒரு மதியம் போதும். ஒரு டீயும் வடையும்தான் செலவு.

“கேட்கத்தான் மனசு வரணும்” என்று சொல்வீர்கள். மனசுக்காகக் காத்திருந்தால் நடக்காது. 1990களில் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டதே, அன்றைக்குத் திருப்பூர் என்ன, மனசு மாறியா சாயத்தை மாற்றியது? மாற்றாவிட்டால் ஆர்டர் இல்லை, அதனால் மாற்றியது. வள்ளுவர் கண்ணோட்டம் என்று ஒரு அதிகாரம் வைத்தாரே, 58ஆவது அதிகாரம், அதை எங்கே வைத்தார்? இல்லறத்தில் வைக்கவில்லை, துறவறத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்கிற இடத்தில் வைத்தார். இரக்கப்பட்டுச் செய்வது வேறு, ஆள்கிறவன் செய்தே ஆக வேண்டியது வேறு என்று தெரிந்த மனுஷன் அவர்!

நம் நாட்டிலும் 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் விதிகள் பல, ‘செய்தால் நல்லது’ என்கிற மாதிரியே இருந்தன. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இது பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்றது. 19 வருஷம்! அடுத்து 2025 ஏப்ரல் 30. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பெண்களுக்கு, வங்கிக் கணக்கு தொடங்க “கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்” என்றது இயந்திரம். இமையே இல்லாதவர் எப்படிச் சிமிட்டுவார்? அந்த வழக்கில், டிஜிட்டல் சேவையைப் பெறுவதும் உயிர்வாழும் உரிமையில் ஒரு பகுதி என்று தீர்ப்பு வந்தது. 20 உத்தரவுகள். எழுதியவர் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதியரசர் ஆர். மகாதேவன். (கைதட்டல்)

(மணி அடிக்கிறது)

மணி அடிச்சாச்சு. ரிசர்வ் வங்கி மணி இல்லை, நடுவர் மணி. (சிரிப்பு) ஒரே நிமிஷம் அய்யா.

ஐரோப்பாவில் ஒரு சட்டம், 2019இல் நிறைவேறி 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஃபோன், கம்ப்யூட்டர், ஏ.டி.எம்., வங்கிச் சேவை, ஆன்லைன் கடை எல்லாம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்று. அப்படியென்றால், ஜெர்மனியில் பார்வை இல்லாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, ஆன்லைன் கடையில் ஒரு பனியனை எடுத்துப் பார்க்கிறார். நீலம், எல் சைஸ், முழுக்க பருத்தி, விலை இவ்வளவு, ‘வாங்கு’ என்கிற பட்டன், எல்லாம் பேர் சொல்லிப் பேசுகிறது. வாங்குகிறார். அந்தப் பனியனை மடித்து டஜன் கட்டி அனுப்பியவர் எங்க அண்ணன். சனிக்கிழமை அதற்குச் சம்பளம் ஏறியதா என்று பார்க்க அவர் மளிகைக் கடைக்கு நடந்து போகிறார்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிற தம்பி, அவர் அந்தக் கடைக்குப் போகாமல் இருக்கப்போவது எந்தச் சனிக்கிழமையிலிருந்து என்று தேதி சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கட்டும்.

(கைதட்டல்)