வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்றொரு மின்னஞ்சல்

கரூரிலிருந்து படுக்கை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் சின்னங்கள் வரிசையாக இருக்கும். அடுத்த பக்கத்தில் கணக்குப் பிரிவு மேலாளரின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல். ஜனவரி வந்தால், ஃபிராங்க்ஃபர்ட் ஜவுளிக் கண்காட்சியில் முதலாளி நிற்கும் படமும் ஏறிவிடும்.

எல்லாம் வியாபாரம் பெருகத்தான். ஆனால் மூன்றையும் சேர்த்துப் படிக்கிற மோசடிக்காரனுக்கு, பணம் யாரிடமிருந்து வருகிறது, யார் கை வழியாகப் போகிறது, கேட்டு உறுதிசெய்ய வேண்டிய ஆள் எப்போது ஊரில் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது.

அவன் அந்த நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒரு மின்னஞ்சல் முகவரி வாங்குகிறான். ஆங்கில ‘எம்’ வர வேண்டிய இடத்தில் சின்ன ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டால் அவசரக் கண்ணுக்குத் தெரியாது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த இன்வாய்ஸ் தொகையைப் புதிய கணக்கில் செலுத்துங்கள்” என்று வாங்குபவருக்கு எழுதுகிறான். சரக்கு கப்பலேறியிருக்கும், பணம் வேறெங்கோ போயிருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2013 முதல் 2015 வரை, லிதுவேனியாக்காரர் ஒருவர் தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரிலேயே லாட்வியாவில் கம்பெனி பதிவு செய்து, கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போலி இன்வாய்ஸ் அனுப்பினார். அவ்விரு நிறுவனங்களும் குவாண்டாவுக்கு வழக்கமாகப் பெருந்தொகை கொடுப்பவை என்பதை வைத்தே வலை விரித்தார். 10 கோடி டாலருக்கு மேல் போனது. 2019இல் அவருக்கு 5 ஆண்டு சிறை.

இதற்காக இணையதளத்தில் ஜி.எஸ்.டி. எண்ணை மறைக்கச் சொல்லவில்லை. பெயர்ப்பலகையிலேயே எழுத வேண்டியது அது. ரத்து செய்த காசோலையின் படத்தை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., சில நேரம் கையெழுத்தும் அந்த ஒரே தாளில் இருக்கின்றன. கேட்கிறவருக்குத் தனியாக அனுப்பலாமே. மேலாளர் பெயருக்குப் பதில் ஒரு பொது முகவரி போதும். கண்காட்சிப் படம் முதலாளி ஊர் திரும்பிய பிறகு ஏறட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஆர்டர் எடுக்கும்போதே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்: கணக்கு மாறியதாக மின்னஞ்சல் வந்தால், முன்பே உங்களிடம் உள்ள எண்ணில் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணில் அல்ல.

பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால் உடனே உங்கள் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் பேசுங்கள். மோசடிக்காரன் எடுப்பதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வாங்குபவர் அனுப்பிய பணம் என்றால், அவருடைய வங்கியை அவர்தான் அழைக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.