கடல் கொண்டதும் கறையான் கொண்டதும்

(இலக்கியக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பாண்டியர் மூன்று கழகம் நிறுவித் தமிழாய்ந்தனர் என்பது இறையனார் களவியலுரை தரும் செய்தி. தலைக்கழகத்து வீற்றிருந்தோர் 549 புலவர், இடைக்கழகத்தார் 59, கடைக்கழகத்தார் 49. தலைக்கழகம் இருந்த மதுரையையும் இடைக்கழகம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்றும் அவ்வுரை கூறும். அவ்விரு கழகத்து முதுநாரையும் முதுகுருகும் வெண்டாளியும் இன்று பெயரளவில் நிற்கின்றன. அதற்குத் தமிழர் கடலை நோவர்.

ஆயின், கடைக்கழகம் இருந்த மதுரையைக் கடல் கொண்டதில்லையே! அக்கழகத்து நூல்களாக அவ்வுரை எண்ணும் கூத்தும் வரியும் சிற்றிசையும் பேரிசையும் எங்கே? பரிபாடல் எழுபது என்கின்றது அவ்வுரை. முழுமையாகக் கிடைத்தவையோ 22. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இல்லை. நற்றிணையில் 234-ஆம் பாடல் இல்லை. தமிழேடுகளைத் தின்றது கடலன்று, கறையான்! ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளும் உள. கறையானுக்கும் ஆற்றுக்கும் அவற்றை ஈந்தது தமிழரின் மடிமையே.

எஞ்சியவை தாமே பிழைத்துவிடவில்லை. சி.வை. தாமோதரனார் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். உ.வே. சாமிநாதர் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் கிடந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் வெளிக்கொணர்ந்தார். பாண்டித்துரையார் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார்.

இனி, அச்சேறிய நூல் அழியாது என்று வாளா இருத்தல் தகுமோ? படிப்பாரற்ற நூலும் கறையான் தின்ற ஏடும் ஒன்றே. கழகப் புலவர் ஆண்ட ‘உவகை’ இருக்கச் ‘சந்தோசம்’ என்பதும், ‘கேண்மை’ இருக்கச் ‘சிநேகிதம்’ என்பதும், ‘ஞாயிறு’ இருக்கச் ‘சூரியன்’ என்பதும் வேறென்ன? முன்னைக் கறையான் ஓலையைத் தின்றது. இற்றைக் கறையான் நாவிலுள்ள சொல்லைத் தின்கின்றது.

ஆதலின், இல்லந்தோறும் ஒரு தமிழ்க் கழகம் அமைக! நாளொரு பாடலைப் பிள்ளைகட்குப் பொருளுடன் ஓதுவிக்க. புறநானூறு முழுவதும் பதினான்கு திங்களுள் முடியும். பரண்மேல் ஏடு கிடப்பின், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களிற் சேர்ப்பிக்க. பேசுங்கால் ஒரு பிறசொல் நாவில் எழின், அதற்குரிய தமிழ்ச்சொல்லைத் தேடிப் பொருத்துக.

கடல் கொண்டதை மீட்டல் தமிழர்க்கு இயலாது; கையில் இருப்பதைக் காத்தல் இயலும். அதனையும் செய்யாராயின், வருங்காலத்தார் கடலை நோவார். இக்காலத் தமிழரையே நோவர்.

வாழ்க தமிழ்!