தனியொரு பங்காளி

தேசவழமையிற் பழகிய யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன தெரியும். தமிழகத்து நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் முறை வேறு. மிதாட்சர நெறிப்படி, பிறந்த கணமே ஆண்மகன் குடும்பச் சொத்திற் பங்காளியாகிறான். அக்காலத்தில், இறந்தால் அவன் பங்கு எஞ்சிய பங்காளிகளைச் சார்ந்தது.

இலங்கையின் அக்கால மரணவரிச் சட்டம் பிரிவுபடாத இந்துக் குடும்பத்தின் கூட்டுச் சொத்துக்கு விலக்கு அளித்திருந்தது. இங்கு வாணிபஞ் செய்த அருணாசலஞ் செட்டியார் 1938இற் காலமானார். மகன் 1934இலேயே மறைந்துவிட்டமையால், ஆண்களில் அவர் ஒருவரே எஞ்சியிருந்தார். தனியொருவர் எவ்வாறு கூட்டுக் குடும்பமாவார், வரி செலுத்துக என்றது அரசு. எண்கணக்கில் அது சரியாகவே தோன்றும்.

வழக்கு இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. 1957இலே தீர்ப்பு வந்தது. அவ்வீட்டில் விதவைகள் இருந்தனர். அவர்கள் பங்காளிகளல்லர், சீவனாம்சத்துக்கே உரியவர்கள். ஆயினும் சுவீகாரத்தால் அக்குடும்பத்துக்கு மற்றொரு பங்காளியைத் தர அவர்களால் இயலும். ஆதலின் குடும்பம் அற்றுப்போகவில்லை, சொத்தும் கூட்டுச் சொத்தே, வரியில்லை என முடிவாயிற்று. பங்கில்லாத பெண்கள் இருந்தமையாலேயே அப்பெருஞ்சொத்து வரிக்குத் தப்பியது!

தமிழகத்தில் மகளும் பிறப்பாற் பங்காளியாகும் உரிமை 1989இலேதான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் அதற்குமுன் மணமானவர்களுக்கு 2005வரை இருக்கவில்லை.