பிள்ளைகளிடம் பொருளை ஒப்படைக்குமுன்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

  

2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி நம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்துக்குள் ஊரடங்குச் சட்டமும் வந்தது. குறிகட்டுவான் இறங்குதுறை வெறிச்சோடிக் கிடந்தது. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் வருவோரை நம்பிப் பிழைத்தவர்கள், எந்தச் சமயத்தவராயினும், தொழிலின்றி வீட்டில் இருந்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவி அது மூடப்பட்டபோது, கடலுக்குச் சென்றவர்களின் உழைப்பும் விலைபோகவில்லை. அடுத்த ஒன்றரை ஆண்டு காலம் பாடசாலைகள் திறப்பதும் மூடுவதுமாகவே கழிந்தது.

அந்நாட்களில் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பதினான்கு வயது மகன் இணையவழி வகுப்புக்குக் கைத்தொலைபேசி கேட்டான். வாப்பாவிடம் பணம் இல்லை. உம்மா தன் காதுத்தோட்டை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தார். (அடகு வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டம் தனியாகப் பேச வேண்டிய விடயம், இன்று அதற்குள் நான் போகவில்லை.) மகன் படித்தான், படிப்பு முடிந்த பிறகு விளையாடவும் செய்தான். வாரந்தோறும் டேட்டாவுக்குக் காசு கேட்டான். தவணை தப்பித் தோடு மூழ்கிப் போன பின்னர்தான் செய்தி அவன் காதுக்கு எட்டியது. அவன் என்னிடம் வந்து, "மௌலவி, எனக்கு ஒருவருமே சொல்லவில்லையே! சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டு நண்பனுடைய தொலைபேசியில் சேர்ந்து படித்திருப்பேனே" என்று அழுதான்.

அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. பெற்றோரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. பிள்ளை கவலைப்படக் கூடாது என்று நினைத்து மறைத்தார்கள். ஆனால் பதினான்கு வயது வரையில் அந்த வீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை அறியாமலே அவன் வளர்ந்திருக்கிறான். நம்மில் எத்தனை வீடுகள் அப்படி இருக்கின்றன!

ஸூரத்துன் நிஸாவின் 6ஆம் வசனத்தில் அல்லாஹ் அநாதைகளின் பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகிறான். அவர்கள் திருமணப் பருவத்தை அடையும்வரை அவர்களைச் சோதித்து வரவேண்டும்; அவர்களிடம் பொருளைக் கையாளும் தெளிவைக் கண்டால்தான் அவர்களுடைய சொத்தை ஒப்படைக்க வேண்டும். இத்தெளிவுக்கு 'ருஷ்த்' என்று பெயர். கவனியுங்கள்: வயது வந்துவிட்டது என்பது மட்டும் போதுமானதன்று. அநாதையின் சொத்தில் இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், நாம் பெற்ற பிள்ளைகளின் விடயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்?

எப்படிச் சோதிப்பது? நம் ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில் இதை விளக்குகிறார்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த அந்த இமாம், சோதனை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்கிறார்கள். வியாபாரியின் பிள்ளையைக் கொடுக்கல் வாங்கலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் பிள்ளையைப் பயிர்ச் செய்கையிலும் வேலையாட்களுக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும். தொழிலாளியின் பிள்ளைக்கு அவனுடைய தொழிலே சோதனை. பெண்பிள்ளையை நூல் நூற்பதிலும், உணவைப் பூனையிடமிருந்து காப்பதிலும் சோதிக்க வேண்டும். இச்சோதனை பருவம் அடையுமுன்பே நடக்க வேண்டும். இரண்டு தடவையோ அதற்கு மேலோ நடக்க வேண்டும். பிள்ளை பேரம் பேசட்டும். விலை படிந்து ஒப்பந்தம் செய்யும்போது பொறுப்பாளரே அதை முடித்து வைப்பார்.

அரபுக் கல்லூரியில் இப்பாடத்தை ஓதியபோது, பூனை வந்த இடத்தில் நாங்கள் மாணவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, ஊரடங்கில் ஒரு கிலோ பருப்பை இரண்டு வாரத்துக்கு நீட்ட வேண்டி வந்தபோதுதான் அந்தப் பூனையின் அருமை விளங்கிற்று. வீட்டுக்கு வந்த பொருள் வீணாகாமல் காப்பதும் ஒரு கல்விதான். அது பெண்பிள்ளைக்கு மட்டும் உரியதுமன்று. றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் உதவியதையும், தமது செருப்பைத் தாமே தைத்ததையும் அன்னை ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். ஆண்பிள்ளைகள் அடுப்பங்கரைக்குப் போவதை இழிவாகக் கருதுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இமாமவர்கள் இன்று நம் தீவுகளுக்கு வந்தால், கடற்றொழிலாளியின் பிள்ளையை எதில் சோதிக்கச் சொல்வார்கள்? பிடித்த மீனில் எதை இன்றே விற்பது, எதை உப்பிட்டுக் கருவாடாக்குவது, எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் செலவாயிற்று என்று கணக்குப் பார்ப்பதில் அல்லவா? சந்தை மூடிய நாட்களில் கருவாடு போடத் தெரிந்த வீடு மீனைக் கடலில் கொட்டவில்லை. நம் முன்னோர் பனங்களியைக் காயவைத்துப் பனாட்டாக்கினார்கள். கிழங்கை ஒடியலாக்கிச் சேமித்தார்கள். ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு வைத்துப் பஞ்சத்தைக் கடக்க வழிசொன்ன யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அதே வேலையை முற்றத்தில் செய்து காட்ட மறந்துவிட்டோம்.

2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் அரசாங்கம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஐயாயிரம் ரூபா வழங்கியது. அப்பணத்தைப் பாயில் வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, "அரிசிக்கு எவ்வளவு? பால்மாவுக்கு எவ்வளவு? கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு?" என்று கேட்ட வீடுகள் எத்தனை? கடைக் கடன் கொப்பியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள், அவனே எழுதட்டும். கடனைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளுமாறு ஏவும் ஸூரத்துல் பகறாவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அதை மனனம் செய்த பிள்ளைக்குத் தன் வீட்டுக் கடன் எவ்வளவென்று தெரியாது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. ஆறு வயதுக் குழந்தையின் முன்னால் கடனைச் சொல்லிப் புலம்புவது கல்வியாகாது. பொருளைப் பக்குவமற்றவர்களிடம் விட்டுவிடாமல், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, கனிவாகப் பேசுமாறு அதே ஸூரத்துன் நிஸாவின் 5ஆம் வசனம் சொல்கிறது.

உண்டியலில் காசு போடுவதோடு பொருளாதாரக் கல்வி முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம். 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று. ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கியதை வாங்க ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா வேண்டியிருந்தது. உண்டியலில் காசு எண்ணிக்கையில் குறையவில்லை, அதனால் வாங்கக்கூடியதோ பாதியாகிவிட்டது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். நபியவர்கள் உர்வா அல்-பாரிகீ (ரழி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவர ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய வியாபாரத்தில் பறக்கத் உண்டாக நபியவர்கள் பிரார்த்தித்தார்கள். உண்டியல் நிறைந்ததும் பிள்ளையோடு சேர்ந்து இரண்டு கோழிக்குஞ்சு வாங்குங்கள். தீனிச் செலவையும் முட்டை விற்ற காசையும் அவனே எழுதி வைக்கட்டும்.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். வீடும் கடையும் நகையும் இங்கேயே தங்கிவிட்டன. புத்தளத்து முகாம்களில் தையல் தெரிந்தவர் தைத்தார். வியாபாரம் தெரிந்தவர் கடன் சொல்லிச் சரக்கெடுத்து மீண்டும் தொடங்கினார். ஒன்றும் தெரியாதிருந்த இளைஞர்கள் பட்ட பாட்டை, அவர்களில் யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால், பிள்ளைகளை அழைத்துச் சென்று கேட்கச் செய்யுங்கள்.

வரும் சனிக்கிழமை உங்கள் மகனிடமோ மகளிடமோ நூறு ரூபா கொடுத்து மரக்கறி வாங்க அனுப்புங்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள். பழுதான கத்தரிக்காயோடு வந்தாலும் ஏசாதீர்கள். ஏமாந்த இடத்தை மட்டும் காட்டிக் கொடுங்கள். சோதனை இரண்டு தடவையாவது வேண்டுமென்று இமாமவர்கள் சொன்னார்கள் அல்லவா? அடுத்த சனிக்கிழமையும் நூறு ரூபா கொடுங்கள்.