214 கோடியில நின்னுபோன டேபிள்

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு நம்பரைப் பத்தி: 2147483647. நம்ம ஊர்க் கணக்குல 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

இது எனக்கு அறிமுகமானது ராத்திரி ரெண்டு மணிக்கு. முன்னாடி வேலை பார்த்த கம்பெனியில அன்னைக்கு ஆன்-கால் நான்தான். புது ஆர்டர் எதுவும் பதிவாகல. லாக்ல திரும்பத் திரும்ப ஒரே எரர்: டூப்ளிகேட் என்ட்ரி 2147483647. ஆர்டர் ஐடிக்கு யாரோ எப்பவோ சாதாரண இன்ட் வச்சிருக்காங்க. 32 பிட்ல ஒண்ணு பிளஸ், மைனஸ் குறிக்குப் போயிடும். மீதி 31 பிட்டும் நிரம்பினா வர்றதுதான் இந்த எண், அதாவது 2-இன் 31-ஆம் அடுக்குல ஒண்ணு கம்மி. அதுக்கு மேல எண்ண இடமில்ல. அடுத்த ஆர்டருக்கும் இதே நம்பரைக் கொடுக்கப் போய் மாட்டிக்கிச்சு.

பிக்இன்ட்டுக்கு மாத்துற கமாண்டைத் தட்டினேன். பெரிய டேபிள், மணிக்கணக்கா ஓடும். மேனேஜர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஆச்சாப்பா?"ன்னு கேட்டுட்டே இருந்தார். சும்மா உட்கார முடியாம அந்த நம்பரையே தேடிப் படிச்சேன்.

அது ஒரு பகா எண். நிரூபிச்சவர் ஆய்லர், 1772-ல. அப்போ அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட போயிருந்தது.

ஒரு எண் பகா எண்ணான்னு பார்க்க, அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கிற பகா எண்களால வகுத்துப் பார்த்தா போதும். இங்கே அந்த எல்லை 46340. அதுக்குள்ள நாலாயிரத்துக்கும் மேல பகா எண்கள் இருக்கு. கையால வகுத்தா என்னத்துக்கு ஆகுறது? இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தா, அதை 248-ஆல வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டும்தான் வர முடியும்னு ஆய்லர் காட்டினார். அப்படிப்பட்ட எண்கள் 46340-க்குள்ள 370 சொச்சம்தான். அதுல எந்தப் பகா எண்ணும் இதை மீதியில்லாம வகுக்கல. முடிஞ்சது. கோடை ஆப்டிமைஸ் பண்ணிட்டேன்னு நாம பீத்திக்கிறோமே, அதெல்லாம் இவர் முன்னாடி சும்மா.

இந்தப் பகா எண்ல இருந்து ஒரு நிறைவெண்ணும் கிடைக்கும். 6-ஓட வகுஎண்கள் 1, 2, 3-ஐக் கூட்டினா 6-ஏ வருதில்ல, அந்த ஜாதி. 1811-ல பீட்டர் பார்லோங்கிற ஆங்கிலேயக் கணிதர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப் போறதில்ல, இதெல்லாம் வேடிக்கையே தவிர உபயோகமில்லன்னு எழுதிட்டார்.

ஒண்ணு சொல்லிடணும். டேபிள் நின்னதுக்கும் இது பகா எண்ங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா அந்த ராத்திரி என்னைத் தூங்காம வச்சிருந்தது எரர் இல்ல, அந்த 248-தான்.

ஆறு மணிக்கு மாத்தி முடிஞ்சது. ஆர்டர் வர ஆரம்பிச்சது. புது எல்லை 2-இன் 63-ஆம் அடுக்குல ஒண்ணு கம்மி, 19 இலக்கம். இதுவும் பகா எண்ணான்னு உடனே பார்த்தேன். இல்ல. 63 மூணால வகுபடும், அதனால இந்த எண் 7-ஆல வகுபட்டே ஆகணும். மேனேஜர்கிட்ட சொன்னேன்.

"போய்த் தூங்குப்பா"ன்னார்.