கொடுமை: சொல்லும் பொருளும்

சான்றோர் நிறைந்த இவ்வவையில் ஆராயப்படுவது ஒரே ஒரு சொல். முறையற்ற செயலைச் சுட்டத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அநீதி, அநியாயம், அக்கிரமம் என்னும் வடசொற்கள் நீதியோ நியாயமோ முறையோ இல்லாமையை உணர்த்துவன. ‘கொடுமை’ என்னும் தமிழ்ச்சொல் இன்மையைக் கூறாது. ஒரு வளைவைக் காட்டும்.

‘கொடு’ என்னும் அடிக்கு வளைவு என்பது பொருள். வளைந்த வாள் கொடுவாள். செந்தமிழ் நெறியினின்று விலகிய வட்டார வழக்கு கொடுந்தமிழ் எனப்பட்டது. அது துன்புறுத்தும் தமிழ் அன்று. நிமிர்ந்த கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். ஆகவே கொடுமை முதற்கண் துன்பத்தின் பெயரன்று. நேரே நிற்க வேண்டியது கோணியதன் பெயர். கோல் தானே வளைவதில்லை. வளைத்த கை ஒன்று உண்டு.

வள்ளுவர் இச்சொல்லை மேலும் ஓர் படி உயர்த்துகிறார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், நேரான அம்பு கொடியது என்றும் வளைந்த யாழ் செவ்வியது என்றும் முரணாகக் காட்டி, எதனையும் அதன் செயலால் அறிக என்கிறார். வளைவு வடிவத்தை விட்டுச் செயலுக்கு இடம்பெயர்கிறது.

சிலப்பதிகாரத்தில் இவ்வளைவுக்கு இருவேறு விளக்கங்கள் உள்ளன. சேரன் செங்குட்டுவன், பாண்டியனின் கோலை வளைத்தது ஊழ்வினை என்கிறான். பாண்டியனோ, பொற்கொல்லன் சொற்கேட்டதைக் குறிப்பிட்டாலும், பழியை அவன்மேலோ ஊழின்மேலோ ஏற்றவில்லை; தானே கள்வன் என்று கூறி உயிர்விட்டான். வளைத்த கை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டமையே அவன் பெருமை.

இன்றைய வழக்கு சேரனின் பக்கமே சாய்ந்திருக்கிறது. வெயிற்கொடுமை, பசிக்கொடுமை, விதியின் கொடுமை என்னும் தொடர்களில் துன்பம் இருக்கிறது, செய்தவன் இல்லை. இவற்றால் பெருங்கேடில்லை. ஆனால் ‘வரதட்சணைக் கொடுமை’ என்னும்போது வரதட்சணையே கொடுமை செய்தது போலவும், ‘சாதிக் கொடுமை’ என்னும்போது சாதியே கையோங்கியது போலவும் ஒலிக்கின்றன. பொருள் கேட்ட கணவனும், பாதையை மறித்த அண்டை வீட்டானும் தொகைச்சொல்லின் பின்னே மறைந்துகொள்கின்றனர்.

சட்டம் அவர்களை வெளியே அழைக்கிறது. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498அ பிரிவு, கணவனும் அவன் உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கியது. உடலைப் போலவே மனத்துக்கு நேரும் கேட்டையும் அது கணக்கிற்கொண்டது. 2024 சூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளில் தொடர்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது இழைக்கப்படும் குற்றங்களுக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டம் தமிழில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என வழங்குகிறது. நிலத்தைப் பறித்தல், குடிநீரைக் கெடுத்தல், பொதுவழியைத் தடுத்தல் என ஒவ்வொரு செயலையும் அது பெயர் சொல்லி எண்ணுகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் செருப்பு மாலை அணிவித்தலையும் மீசை மழித்தலையும் சேர்த்தது. செயல் பெயர்பெற்றால் செய்தவனும் பெயர்பெறுவான்.

மருமகள் ஒருத்தியின் சாவை ஊர் ‘விதியின் கொடுமை’ என்று பேசும்போது, அவள் இரண்டாம் முறை இறக்கிறாள். கொடுமை என்று சொல்லும் நா, ‘யாருடைய கொடுமை?’ என்னும் வினாவையும் உடன் எழுப்புமாயின், அச்சொல் தன் பழைய நேர்மையை மீண்டும் பெறும்.